தள்ளி எடுக்காத சீட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் நைஜீரியாவிலிருந்து வந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாள். வீடு அவருடையது. எல்லோரும் அவரை ‘இயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். அடுத்தவள் இயாவின் ஊர்க்காரி, தையல் அறையில் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள், என் தோழி. கானாவிலிருந்து வந்த அக்கா, தங்கை இரண்டு பேர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. டிரினிடாட் தீவுக்காரர் ஒருவர், பாய்லர் ரூமைப் பார்த்துக்கொள்பவர். ஆறாவது நான். என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஏழு என்று சொல்லலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் உள்ளே வரவில்லை. பூட்ஸைக் கழற்றாமல், கதவை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார். வெளியே நின்றவரைக் கணக்கில் சேர்ப்பது சரியாகப் படவில்லை. ஆறு பேர்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி. கோட்-டெ-நெய்ஜ் என்கிற பேட்டையில் இயாவின் வீடு, மூன்றாம் மாடி. ஹீட்டர் எரிந்த எரிப்பில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. எனக்கும் வியர்த்தது. என் கைப்பைக்குள் ஐம்பது டாலர் இருந்தது. பஸ்ஸில் இரண்டு தடவை, மாடிப்படியில் ஒரு தடவை எண்ணியிருந்தேன். உள்ளே போனதும் இன்னொரு தடவை எண்ண வேண்டும்போல இருந்தது. எல்லோரும் பார்ப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் பேசியது இங்கிலீஷ். ஆளுக்கொரு மாதிரி இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு நின்ற என்னுடையதுதான் இருப்பதிலேயே நொண்டி. ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் அங்கே போனது என் மகளுக்காக. வீட்டுக்காரருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து, எழுபதில் நாங்கள் கிளம்பியபோது அவளுக்கு இரண்டு வயது. கரூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். “ஒரே வருஷம். ஸ்டைபண்டு கொஞ்சம் ஏறட்டும், கூட்டிக்கலாம்” என்றார். மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாத்தனார் எழுதும் கடிதத்தில் கடைசி வரியாக, குழந்தை உங்களை விசாரித்தது என்று இருக்கும். போகப் போக அந்த வரி வருவது நின்றுபோயிற்று.

அந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ் டாக்டர் ஒருவரின் மனைவி, தன் தங்கை கல்யாணத்துக்கு மெட்ராஸ் போய் ஜூனில் திரும்புகிறார். “குழந்தையை நான் கூட்டிட்டு வந்துடறேன்மா. பிப்ரவரி முடியறதுக்குள்ள அதே பிளைட்ல டிக்கெட் மட்டும் போட்டுடுங்க” என்று அவரே சொன்னார். ஐந்து வயதுக் குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாது. இந்தத் துணையை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அரை டிக்கெட்டுக்கே கிட்டத்தட்ட முந்நூறு டாலர். வீட்டுக்காரரின் பணம் வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும். நான் ஆஸ்பத்திரித் தையல் அறையில் கிழிந்த ஷீட்டுக்கு ஒட்டுப் போட்டு, போகிற நாளுக்கு மட்டும் கூலி வாங்குகிறவள். ஒரு பிஸ்கட் டப்பாவில் எண்பத்து நான்கு டாலர் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டில் வைத்தால் திருட்டுப் போய்விடும் என்று டப்பாவைத் தினமும் வேலைக்கே எடுத்துப் போவேன். சாப்பாட்டு நேரத்தில் மடியில் வைத்து எண்ணுவேன்.

பக்கத்து மெஷின்காரி அதைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

“ஏண்டி, எண்ண எண்ண அது குட்டி போடுமா?” என்றாள் ஒரு நாள்.

மகள் விஷயத்தை அன்றுதான் ஒருவரிடம் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு, “இயா வீட்டுல நாங்க ஆறு பேர் சேர்ந்து போடறோம். ஒருத்தி விலகிட்டா. மாசம் அம்பது. நீ வா” என்றாள். நைஜீரியாக்காரர்கள் அதற்கு ஏசூசூ என்று பெயர் சொன்னார்கள். கானா அக்காவும் தங்கையும் சூசூ என்றார்கள். பாய்லர் ரூம்காரரும் தன் தீவில் அதற்கு சூசூதான் என்பார். கப்பலில் சங்கிலி போட்டு இழுத்துப் போகப்பட்டவர்கள் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை, தலைக்குள் இதைக் கொண்டுபோனார்கள், அதில் வழியில் ஒரு எழுத்து தொலைந்திருக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு அது சீட்டு. என் அப்பா மூன்று வருஷம் கட்டிய சீட்டு முதிர்கிற மாதத்தில், சீட்டுப் பிடித்தவர் குடும்பத்தோடு காணாமல் போனார். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்த என்னை அந்தக் கோடையோடு நிறுத்தினார்கள். அண்ணனைப் படிக்க வைத்தார்கள். அதனால், சேருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் தூங்கவில்லை. வீட்டுக்காரரும் தூங்கவிடவில்லை.

“அவங்கள்லாம் யாரு, எந்த ஊரு, உனக்குத் தெரியுமா? ஓடிட்டா எந்த நாட்டுல போய்த் தேடுவே? நம்ம ஆளுங்க காதுல விழுந்தா என்ன சொல்லுவாங்க?”

“நம்ம ஆளுங்ககிட்ட கேக்கலாங்களா?”

“குழந்தையைக் கூட்டிட்டு வரேங்கறதே பெரிய உபகாரம். பணமும் கேட்டா என்ன நெனைப்பாங்க?”

அந்த ஞாயிறு நான் கைப்பையை எடுத்ததும், பூட்ஸோடு என் பின்னால் வந்து நின்றார்.

இயா முதலில் ஒரு கொட்டையை எடுத்து உடைத்தார். நம் கொட்டைப்பாக்கைவிடப் பெரியது, கோலா என்று பெயர். ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே கசப்பு. அதை மென்று முடித்த பிறகுதான் பணப் பேச்சு. வாயில் அது பட்ட பிறகு பொய் பேசக் கூடாது என்று தோழி என் காதில் சொன்னாள். எனக்கு உடனே, நான் இதுவரை சொன்ன பொய்யெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

முறை வைப்பது எப்படி என்று கவனித்தேன். யாருக்கு எதற்குப் பணம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கானா அக்காவுக்கு ஊரில் தம்பியின் படிப்புச் செலவு, அவளுக்கு ஜனவரி. என் தோழிக்குத் தையல் மெஷின், பிப்ரவரி. பாய்லர் ரூம்காரருக்கு மார்ச். கானா தங்கைக்கு ஏப்ரல். இயாவுக்கு மே. எங்கள் ஊரில் சீட்டுப் பிடிப்பவர்தான் முதல் சீட்டை எடுப்பார். இங்கே இயா பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். புதிதாக வந்த ஆளுக்குக் கடைசி முறை. அதுதான் வழக்கமாம். ஆள் எப்படி என்று இன்னும் பார்க்கவில்லையே.

ஜூன். ஜூனில் குழந்தை வர வேண்டும். டிக்கெட் பிப்ரவரியில் போட வேண்டும்.

அப்போது நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். எங்கள் ஏலச் சீட்டில் அவசரக்காரன் என்ன செய்வான்? தள்ளி எடுப்பான். எனக்கு இவ்வளவு குறைத்துக் கொடுங்கள், ஆனால் முதலில் கொடுங்கள் என்று கேட்பான். அவன் விட்டுக்கொடுத்ததை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். நியாயமான வியாபாரம் என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

எழுந்து நின்று சொன்னேன். “எனக்கு பிப்ரவரி கொடுங்க. இருபது டாலர் தள்ளி எடுத்துக்கறேன். இருநூத்தி எண்பது கொடுத்தாப் போதும். இருபதை நீங்க பிரிச்சுக்குங்க.”

கானா தங்கை வாயில் வைத்த பொரித்த வாழைக்காயை அப்படியே வைத்திருந்தாள். இருபது குறைவோ என்று நினைத்து, “முப்பது” என்றேன்.

இயா தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“உனக்கு இந்தப் பணம் எதுக்கு?”

“என் பொண்ணுக்கு டிக்கெட்.”

“அப்ப அந்த முப்பது டாலரை யார்கிட்டேர்ந்து எடுத்துக்கச் சொல்றே? அந்தக் குழந்தைகிட்டேர்ந்தா?”

என் முகம் சுட்டது. உட்கார்ந்துவிட்டேன். பாய்லர் ரூம்காரர் தொண்டையைச் செருமி, “அவங்க ஊர் வழக்கமா இருக்கும் இயா, வேணும்னு சொல்லலை” என்றார். “தெரியுது” என்றார் இயா. “அவசரத்துல இருக்கறவ கைலேர்ந்து பிடுங்கறது எந்த ஊர் வழக்கமா இருந்தாலும், என் வீட்டுக்குள்ள வேண்டாம்.”

அதோடு ஜூன்தான் என்று முடிவாகிவிட்டதாக நினைத்தேன். கைப்பையை மூடினேன். ஆனால் இயா என்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார்.

“பிப்ரவரி கேக்கறா. புது ஆளு. இவளைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்? கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க.”

என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படி உட்கார்ந்ததில்லை. அவர்கள் பேச்சில் ‘இவா’ என்ற சொல் அடிக்கடி வந்தது. பிறகு தோழியிடம் கேட்டேன். ஒருவர் குணமும் நடக்கிற விதமும் சேர்ந்தது என்றாள். அவர்கள் பக்கத்தில் அழகு, படிப்பு, பணம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்களாம்.

முதலில் கானா அக்கா ஆரம்பித்தாள். “நான் மனசுல வெச்சுக்க மாட்டேன், சொல்லிடறேன். அக்டோபர்லேர்ந்து தினம் காலைல லிஃப்ட் பக்கத்துல இவளுக்கு குட்மார்னிங் சொல்றேன். ஒரு நாளாவது பதில் உண்டா? தரையைப் பாத்துட்டே போறா. யாராவது காசைத் தவற விட்டிருக்காங்களான்னு தேடறாளோ என்னமோ.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. குனிந்த தலை நிமிராத பெண் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணமே பேசினார்கள். இருபது வருஷம் பாடுபட்டு வாங்கிய நல்ல பேர். அதை இந்த ஊரில் ஒருத்தி குற்றமாக எடுத்துவைக்கிறாள். அவர்கள் ஊரில் எதிரே வருகிற மனுஷரை விசாரிக்காமல் போகிறவளை யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“அவ பயந்தாங்கொள்ளி” என்றாள் என் தோழி. “முதல் மாசம் என்கிட்டயே பேசலை. மெஷின்கிட்டதான் பேசினா.”

“ஒரு டாக்டர் கோட்டுப் பைல அஞ்சு டாலர் கிடந்துதுன்னு பாய்லர் ரூம் வரைக்கும் வந்து விசாரிச்சது இவதானே?” என்றார் பாய்லர் ரூம்காரர். “பாய்லர் ரூம்ல எந்த டாக்டர் இருப்பான்? என்னோடதுன்னு சொல்லியிருந்தா எனக்கே கொடுத்திருப்பா.”

“எங்க கொடுப்பா! நோட்டு நம்பரைச் சொல்லுன்னு கேட்டிருப்பா” என்றாள் தோழி.

அது நடந்ததுதான். மூன்று நாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அலைந்தேன். கடைசியில் டாக்டரைக் கண்டுபிடித்தேன். அவருக்கு அது தொலைந்ததே தெரியாது.

இயா கடைசியாகச் சொன்னார். “இந்த மூணு மாசமா இவ ஒட்டுப் போட்ட ஷீட் என் கைக்கு வருது. ஒட்டுப் போட்ட இடத்துல ஒண்ணு திரும்பக் கிழிஞ்சு வரலை. நான் பாத்தது அதுதான்.”

என் தோழி கையைத் தட்டித் துடைத்துக்கொண்டாள். “என் பிப்ரவரியை அவ எடுத்துக்கட்டும். நான் ஜூனுக்குப் போறேன்.”

“அவ கட்டலேன்னா?” என்றாள் கானா அக்கா.

“என் தலைல கட்டுங்க.”

“உன் தையல் மெஷின்?” என்றாள் கானா தங்கை.

“ஆஸ்பத்திரி மெஷின் என்ன, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வேலை செய்ய மாட்டேங்குதா?”

கானா அக்காதான் கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனையோடு. மறுநாள் காலையில் லிஃப்ட் பக்கத்தில் நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டே வந்தார். “முப்பது டாலரை வேண்டாம்னுட்டாங்களா? ஏன்?”

“தெரியலீங்க.”

“இதுல என்னமோ இருக்கு” என்றார்.

மறுநாள் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், லிஃப்ட் பக்கத்தில் குட்மார்னிங் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. ராத்திரி தூங்கினாயா, புருஷன் எப்படி, குளிர் தாங்குகிறதா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா, குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் திருப்பி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு லிஃப்ட் போய்விட்டது. என் மகள் எப்படி இருக்கிறாள் என்று இந்த ஊரில் என்னைக் கேட்ட இரண்டாவது ஆள் அவள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு முந்நூறு டாலர் என் கையில் வந்தது. அடுத்த நாளே டிக்கெட் போட்டோம். அது போக ஏழு டாலர் மிச்சம். டிக்கெட்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன். எலி வந்தால் என்ன செய்வது என்று எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். நம் வீடும் மூன்றாம் மாடிதானே, எலி ஏது என்று அவர் சிரித்தார்.

மார்ச் மாதத்தில் முதல் வியாழன். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ்ஸைவிட்டு இறங்கினேன். மேலே பனி, அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதே ஆஸ்பத்திரியில்தான் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். போனால்தான் கூலி என்கிற வேலையில் ஆறு வாரம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டப்பாவில் சேர்த்ததெல்லாம் முதல் இரண்டு தவணைக்கே போயிருந்தது, கட்ட வேண்டிய ஐம்பது டாலர் இல்லை. வெறும் கையோடு எப்படிப் போவது? போகவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. அப்பாவின் சீட்டுக்காரரை அன்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மூட்டை பணத்தோடு சிரித்துக்கொண்டே ஓடுகிற மாதிரிதான் சின்ன வயதிலிருந்து மனதில் வைத்திருந்தேன். அவரும் ஒரு வேளை இப்படித்தான், போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

புதன்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் தோழி. தொப்பியெல்லாம் பனி. என் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். அடுத்த வாரமும் வந்தாள். அப்போதும் திறக்கவில்லை. தன் தையல் மெஷினை எனக்காக ஜூனுக்குத் தள்ளிவைத்தவளை இரண்டு தடவை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மார்ச் முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கழித்துக்கொண்டு இருநூற்று அறுபது தருவார்களாம். இரண்டு மாத பாக்கி நூறு, இனிமேல் கட்ட வேண்டிய நூறு, எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். குழந்தை இன்னொரு வருஷம் வரட்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இயா வீட்டுக்கு நானும் வரேன்” என்றார்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. அன்று முறை கானா தங்கைக்கு. அவள் பணத்தில்தான் என்னால் துண்டு விழப் போகிறது. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் கதவருகில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அவர் காலுறையில் ஓட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

நான் டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச வாயெடுத்தேன். இயா கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் விசாரிப்பு. கை எப்படி இருக்கிறது, வலி உண்டா, சமையல் யார், ராத்திரி தூக்கம் உண்டா. என் வீட்டுக்காரரையும் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பையன்போலப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது.

“இதைத் திருப்பிடறேன். உங்க பணம் வந்துடும்.”

இயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டைப் பிரித்தார். “இந்தப் பேரை எப்படிச் சொல்றது?”

மகளின் பேரைச் சொன்னேன். இயா சொல்லிப் பார்த்தார். தப்பு. கானா அக்கா சொல்லிப் பார்த்தாள். அது வேறு தப்பு. பாய்லர் ரூம்காரர் சொன்னது ஒரு மருந்தின் பேர்போல இருந்தது. என் வீட்டுக்காரர், “இல்ல, நடுவுல கொஞ்சம் இழுக்கணும்” என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

இயா டிக்கெட்டை மடித்து என் கைப்பைக்குள் அவரே வைத்தார். “உன் பணம் மார்ச்சுல போட்டாச்சு. இந்த மாசமும் போட்டாச்சு.”

“யாரு?”

“அஞ்சு பேர் இருக்கோம். ஆளுக்குப் பத்து.”

“எனக்கு முந்நூறு முழுசா வந்துது” என்றார் பாய்லர் ரூம்காரர். “உன்னை மாதிரியே மூணு தடவை எண்ணிப் பாத்தேன்.”

என் தோழி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“ரெண்டு தடவை வந்தேன்” என்றாள். “கதவுக்கு அடில உன் கால் நிழல் தெரிஞ்சுது.”

குனிந்து என் காலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

இயா மேஜையைத் தட்டினார். “பணம் வரலேன்னா அதுக்கு எங்ககிட்ட வழி இருக்கு. ஆள் வரலேன்னா என்ன பண்றது? சொல்லாம நின்னதுக்கு ரெண்டு டாலர் அபராதம். எடு.” பிறகு என் தோழியைப் பார்த்து, “உனக்கும் ரெண்டு” என்றார்.

அவள் துள்ளி எழுந்தாள். “எனக்கு எதுக்கு?”

“உன் தலைல கட்டச் சொன்னவ நீதானே? நிழலைப் பாத்துட்டுத் திரும்பி வந்தியே. கதவை உடைக்கறதுக்கென்ன?”

“உடைச்சா வீட்டு ஓனர் இருபது டாலர் கேப்பான்!”

“அப்ப ரெண்டு மலிவுதான். எடு.”

என் வீட்டுக்காரர் பர்ஸிலிருந்து நான்கு டாலர் எடுத்தார். தோழி தன் பங்கை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். “என் அபராதத்தை நான்தான் கட்டுவேன். உங்க பொண்டாட்டியோடதை நீங்க கட்டுங்க.” அவள் கோபம் தணிந்தது அப்போதுதான். ஜூனில் என்ன தேதி, எத்தனை மணிக்கு பிளைட், யார் கார் எடுப்பது என்று கானா தங்கை ஒரு உறையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அன்று அவளுக்கும் முந்நூறு குறையாமல் போயிற்று.

ஏப்ரல் நடுவில் கட்டுப் பிரித்தார்கள். மே, ஜூன் இரண்டு மாதமும் என் ஐம்பதை நானே கட்டினேன்.

ஜூனில் டோர்வல் ஏர்போர்ட்டுக்கு ஆறு பேரும் வந்தோம். என் வீட்டுக்காரரைச் சேர்த்து ஏழு. டாக்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வா என்று கை நீட்டினேன், வரவில்லை. இந்த மூன்று வருஷத்தில் நான் கவலைப்பட்ட அத்தனை விஷயத்தில் இது மட்டும் அப்படியே நடந்தது. தோழி தைத்துக்கொண்டு வந்த மஞ்சள் கவுன் கணுக்கால் வரைக்கும் தொங்கியது. அளவு கேட்காமல் மனதால் தைத்தது. மகள் அதையே இரண்டு வருஷம் போட்டாள்.

டாக்டர் மனைவி என்னைத் தனியாக அழைத்து, “இவங்கள்லாம் யாரும்மா?” என்று மெல்லக் கேட்டார். நான் தயங்கினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், “எங்க வீட்டு ஆளுங்க” என்றார்.

குழந்தை என்னிடம் வந்து படுக்க ஒன்பது நாள் ஆயிற்று.

எனக்காகப் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு இருபது. இயா விரலை நக்கி எண்ணி வாங்கிக்கொண்டார். கானா அக்காவும் தங்கையும் வாங்கிக்கொண்டார்கள். பாய்லர் ரூம்காரர் வாங்கி, அதில் இரண்டு டாலருக்கு என் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வயிற்றைக் கெடுத்தார். தோழிக்குக் கொடுக்கப் போகும்போதெல்லாம், “மெஷின் வந்த சந்தோஷத்துல இருக்கேன், காசைக் காட்டிக் கெடுக்காதே” என்பாள். கிறிஸ்மஸ் ஆகட்டும் என்பாள். ஈஸ்டர் ஆகட்டும் என்பாள்.

எழுபத்தைந்தில் அவள் புருஷனுக்குப் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் நோட்டை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். தையல் மெஷினின் எடை அதிகம் என்று கவுண்டர்காரனிடம் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கைக்குழந்தை, ஒரு கையில் மெஷினின் மூடி. உறையை நீட்டினேன்.

“எந்தக் கைல வாங்கச் சொல்றே?” என்றாள்.

அவள் கோட்டுப் பையில் திணித்திருக்கலாம். கூட்டத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போகும்போது திரும்பி என் மகளின் பேரைச் சொல்லிக் கத்தினாள். இழுக்க வேண்டிய இடத்தில் சரியாக இழுத்தாள்.

இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் பதில் போட்டேன். பணத்தைக் கடிதத்தில் வைத்தால் வழியில் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து வைக்கவில்லை. மூன்றாவதாக நான் போட்டது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரே நோட்டு, எண்ண ஒன்றுமில்லை. இருந்தாலும் எடுத்து எண்ணிவிட்டு வைக்கிறேன்.

அவளுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபது டாலர்.